எல்லைக்கு இந்தப் பக்கம்: மொரிட்டானியா நாட்குறிப்பு

முதல் நாள். நவம்பர் 26, 2025. நுவாக்ஷாட்

வந்து சேர்ந்துவிட்டேன். காசாபிளாங்காவில் விமானம் மாறி, நள்ளிரவு தாண்டி இறங்கினேன். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து விசாவுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தை நீட்டினேன், விரல் ரேகை வைத்தேன், முத்திரை விழுந்தது.

கிளம்பும்போது வீட்டில் பெரிய சண்டை. நவம்பர் 6-ஆம் தேதி மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், அதன் மேற்கே, மின்சார வேலைக்குப் போயிருந்த ஐந்து தமிழர்களை ஆயுதக்காரர்கள் கடத்திப் போனார்கள். தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளைகள். ஜூலையில் அதே மேற்கு மாலியின் காய்ஸ் பகுதியில் ஒரு சிமென்ட் ஆலையிலிருந்து மூன்று இந்தியர்களைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். “அதுக்குப் பக்கத்து நாட்டுக்கா போற?” என்று அக்கா கேட்டார். டிக்கெட் நான்கு மாதத்துக்கு முன்பே எடுத்தது. ஆனால் டிக்கெட்டுக்காக மட்டும் நான் கிளம்பவில்லை.

மாலிக்கும் மொரிட்டானியாவுக்கும் நடுவே 2,200 கிலோமீட்டருக்கு மேல் எல்லை ஓடுகிறது. பெரும்பாலும் வேலி கிடையாது, ஆறு கிடையாது. அந்தப் பக்கம் 2012 முதல் ஜிஹாதி ஆயுதக் குழுக்களின் போரில் எரிகிறது. இந்தப் பக்கம் 2011-க்குப் பிறகு சொல்லும்படியான தாக்குதல் ஒன்றுகூட இல்லை. இது எப்படி என்று பல வருடங்களாக எனக்குள் ஒரு கேள்வி. அவர்களோடு ரகசிய ஒப்பந்தம் என்கிறார்கள் சிலர், திறமையான ராணுவம் என்கிறார்கள் சிலர். புதுச்சேரியில் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான். இங்கே பிரெஞ்சு தெரிந்தால் டிரைவரிடமும் கடைக்காரரிடமும் நேராகப் பேசலாம். பேசிப் பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

இரண்டாம் நாள். நவம்பர் 27. நுவாக்ஷாட்

காலையில் மீன்பிடித் துறைக்குப் போனேன். நூற்றுக்கணக்கான மரப்படகுகள், மஞ்சளும் நீலமும் சிவப்புமாக. பத்துப் பதினைந்து பேர் தோள் கொடுத்துப் படகை மணலில் ஏற்றுகிறார்கள். அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கலாம். மதியம் மீன் குழம்பில் வெந்த சோறு, பெயர் செபுஜின். காரம் இல்லை, ஆனால் வயிறு நிறைந்தது.

நகரத்துக்கு வயது அறுபத்தைந்து சொச்சம்தான். 1960-இல் சுதந்திரம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு மணல்மேட்டின் மேல் கட்ட ஆரம்பித்த தலைநகரம். நாளைக்குச் சுதந்திர தினம் என்பதால் தெருவெல்லாம் கொடி.

சாயங்காலம் விடுதிக்காரரின் நண்பர் ஒருவர் தேநீருக்கு அழைத்தார். ஓய்வு பெற்ற பத்திரிகையாளர். இங்கே தேநீர் என்றால் மூன்று கிளாஸ், ஒரு மணி நேரம். சின்னக் கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு உயர்த்தி ஊற்றி ஊற்றி நுரை வரவழைக்கிறார்கள். நம் டீக்கடையில் ஆற்றுவது மாதிரிதான். ஆனால் இங்கே நுரைக்குத்தான் மரியாதை.

இரண்டாவது கிளாஸ் வரும்போது விஷயத்தைக் கேட்டேன். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. “நாங்கள் அடி வாங்காதவர்கள் என்று நினைக்காதீர்கள்” என்று தொடங்கினார். 2005 ஜூனில் லெம்கெய்த்தி ராணுவ முகாமில் 15 வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 2007 டிசம்பரில் அலெக் ஊருக்குப் பக்கத்தில், சாலையோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குடும்பத்தினரும் அவர்கள் நண்பருமாக நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதனால்தான் 2008 டக்கார் கார்ப் பந்தயம் தொடங்குவதற்கு முதல் நாள் ரத்தானது, பிறகு தென் அமெரிக்காவுக்கே போய்விட்டது. 2008 செப்டம்பரில் தூரீனில் 12 வீரர்கள். பிடித்துக்கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள். 2009-இல் இந்த நகரத்திலேயே பிரெஞ்சுத் தூதரகத்தின் அருகில் தற்கொலைத் தாக்குதல்.

“அந்த 12 பேரில் ஒருவன் எங்கள் தெரு. அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தாலும் என்னால் குறை சொல்ல முடியவில்லை” என்றார். மூன்றாவது கிளாஸைக் குடித்து முடிக்கும் வரை இருவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள். நவம்பர் 28. நுவாக்ஷாட்

சுதந்திர தினம். வங்கி இல்லை, பேருந்து இல்லை. நாளைய வண்டிக்கு டிரைவரைப் பேசி முடித்தேன். புலார் மொழி பேசும் கறுப்பின மனிதர், நாற்பது வயதிருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொடிகளைப் பார்த்துக்கொண்டே, “எங்களுக்கு இன்று கொண்டாட்டம் இல்லை” என்றார். 1990-இல் இதே சுதந்திர தின இரவில் இனால் முகாமில் 28 கறுப்பின வீரர்களைத் தூக்கிலிட்டார்கள். தங்கள் ராணுவமே. அதைக் கேட்டபின் ராணுவம் காப்பாற்றியது என்று யாராவது சொல்லும்போது யாரை என்று கேட்கத் தோன்றுகிறது.

ராத்திரி, நேற்று பத்திரிகையாளர் சொன்னதை எழுதி வைக்க உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போகிறது. ஆனால் இந்தப் பயணத்தின் மூலமே இதுதான் என்பதால் சுருக்க மனமில்லை.

2008 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்த முகமது உல்த் அப்துல் அஜீஸும் அவருடைய படைத்தளபதி கஸுவானியும் (இன்றைய அதிபர் அவர்தான், 2019 முதல்) இரண்டு கையாலும் வேலை செய்தார்கள். ஒரு கையில் துப்பாக்கி. பாலைவனத்தில் வேகமாக ஓடும் சிறிய சிறப்புப் படைகளை உருவாக்கினார்கள். வடகிழக்கில் பெரும் பரப்பை ராணுவப் பகுதி என்று அறிவித்து, அனுமதியில்லாமல் அங்கே நடமாடும் வண்டி எதிரி வண்டி என்றார்கள். 2010, 2011-இல் எல்லை தாண்டி மாலிக்குள்ளேயே போய் அடித்தார்கள். வகாடு காட்டில் சண்டை நடந்தது 2011 ஜூனில். ஒட்டகப் படையையும் கைவிடவில்லை. கிழக்குக் கோடிக் கிராமங்களில் ஒட்டகத்தில் வரும் வீரர்கள் மருந்து கொடுப்பார்கள், கிணற்றடியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். புதிதாக யார் வந்தாலும் முதலில் அவர்கள் காதுக்குத்தான் போகும்.

இன்னொரு கையில் புத்தகம். 2010 ஜனவரியில், சிறையிலிருந்த எழுபது பேருக்கு அருகில் வரும் ஜிஹாதிகளிடம் மார்க்க அறிஞர்களை அனுப்பி விவாதம் நடத்தினார்கள். முன்னின்றவர் ஷேக் முகமது அல்ஹசன் உல்த் தெத்தவ், நாட்டிலேயே பெரிய அறிஞர். பெரும்பாலானவர்கள் மனம் மாறியதாகச் சொன்னார்கள், பலருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

இதுவரைக்கும் சரி. அப்புறம்தான் கலங்கல். 2011 டிசம்பரில் எல்லையோர அதல் பக்ரூவில் ஒரு ஜான்டார்ம் (ராணுவப் போலீஸ்) காவலரைக் கடத்தினார்கள். மூன்று மாதம் கழித்து, சிறையிலிருந்த ஒருவரை விட்டுவிட்டு அவரை மீட்டார்கள். 2012-இல் வடக்கு மாலி முழுக்க ஜிஹாதிகள் கைக்குப் போனது. 2013-இல் பிரான்ஸ் படை இறங்கியபோது மொரிட்டானியா சேரவில்லை. பின் லேடனின் மத ஆலோசகர்களில் ஒருவராக இருந்து, செப்டம்பர் 11 தாக்குதலை எதிர்த்துப் பிரிந்த அபு ஹஃப்ஸ் அல் மொரிட்டானி 2012-இல் ஊர் திரும்பினார். சில மாத விசாரணைக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். வடக்கு மாலியின் திம்புக்துவில் ஜிஹாதிகளின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர் 2013-இல் இந்த ராணுவத்திடம் சரணடைந்தார். பின்னால் அவரும் விடுதலை.

2016 மார்ச்சில் அமெரிக்கா, பின் லேடன் வீட்டிலிருந்து எடுத்த தாள்களில் ஒரு கட்டை வெளியிட்டது. அதில் 2010-இல் எழுதிய ஒரு குறிப்பு. மொரிட்டானியாவோடு ஒரு வருடத்துக்குச் சண்டை நிறுத்தம், கைதிகள் விடுதலை, அத்துடன் ஆண்டுக்கு ஒரு கோடி முதல் இரண்டு கோடி யூரோ என்று அல் காயிதா தங்களுக்குள் பேசியிருந்தது. அந்தப் பேச்சு அரசிடம் போனதற்கும் அரசு ஒப்புக்கொண்டதற்கும் அந்தத் தாளில் ஆதாரம் இல்லை. நுவாக்ஷாட் அடியோடு மறுத்தது. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? அன்றிலிருந்து “கப்பம் கட்டும் நாடு” என்ற பெயர்.

2011 பிப்ரவரியில் அதிபரைக் கொல்ல வெடிகுண்டு ஏற்றிக் கிளம்பிய கார்களில் ஒன்று நுவாக்ஷாட்டின் வாசல் வரை வந்து வெடித்தது. அந்த ஜூலையில் எல்லையோரப் பாசிக்குனு ராணுவ முகாமைத் தாக்கினார்கள். அதாவது, அந்தத் தாள் எழுதி ஒரு வருடம் ஆகியும் அடி நிற்கவில்லை. கப்பக் கதையை நான் முழுசாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

நான்காம் நாள். நவம்பர் 29. நுவாக்ஷாட் முதல் கிஃபா வரை

விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம். நம்பிக்கைச் சாலை என்று பெயர். கடலோரத் தலைநகரத்திலிருந்து கிழக்கே நேமா வரை சுமார் 1,100 கிலோமீட்டர். கிஃபா பாதிக்குச் சற்று மேல், 600 கிலோமீட்டர்.

இந்தச் சாலையில் பயணி கையில் இருக்க வேண்டியது ‘ஃபீஷ்’. பெயர், தந்தை பெயர், பாஸ்போர்ட் எண், தொழில், வண்டி எண், எங்கிருந்து எங்கே, எல்லாம் எழுதிய ஒரு தாள். முப்பது நகல் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு சாவடியிலும் ஜான்டார்ம் கையை நீட்டி “ஃபீஷ்” என்கிறார், ஒன்றைக் கொடுக்கிறோம், போகச் சொல்கிறார். கிஃபா வருவதற்குள் பதினான்கு போனது. தொல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டாவது சாவடியில் அந்த வீரர் முந்தைய சாவடிக்குப் போன் போட்டு, “வெள்ளை டொயோட்டா, இந்தியர் ஒருவர், வந்துவிட்டார்” என்றார். அப்போதுதான் புரிந்தது. நான் இரண்டு சாவடிகளுக்கு நடுவே காணாமல் போனால் அரை மணியில் யாராவது தேடி வருவார்கள். மேற்கு மாலியில் அந்த ஐந்து பேர் போன சாலையில் இப்படி ஒரு கை நீண்டிருந்தால் என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

புத்திலிமித்தில் ஒரு மஹ்தராவைப் பார்த்தேன். பாலைவனப் பள்ளி. நம் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி ஒரே ஆசிரியர், எல்லா வயதிலும் மாணவர்கள், கையில் மரப்பலகை. பலகையில் மையால் எழுதி, மனப்பாடமானதும் கழுவி, அடுத்ததை எழுதுகிறார்கள். 2023-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிறையில் போய் வாதாட முடிந்த அறிஞர்கள் எல்லாம் இந்தப் பலகையிலிருந்து வந்தவர்கள்தான். கூடாரத்துக்குள் ஒரு சிறுவன் கண்ணை மூடி இலக்கணச் சூத்திரத்தைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வேறு பாடம் எதுவும் காதில் விழவில்லை.

அலெக்கைத் தாண்டும்போது டிரைவர் வண்டியை மெதுவாக்கி, “அந்தக் குடும்பம் இந்தப் பக்கம்தான்” என்றார். முள்மரமும் மணலும்தான் இருந்தன.

ஐந்தாம் நாள். நவம்பர் 30. அயூன் அல் அத்ரூஸ்

கிஃபாவிலிருந்து 200 கிலோமீட்டர். மணல் குறைந்து பாறைக் குன்றுகள் வருகின்றன. அயூனில் வீடுகளையே மணற்கல்லில் கட்டியிருக்கிறார்கள், மாலை வெயிலில் ஊரே செம்பு நிறம். இங்கிருந்து தெற்கே ஒரு சாலை பிரிந்து கோகி எல்லைச் சாவடிக்கும், அதைத் தாண்டி மாலியின் நியோரோ ஊருக்கும், அங்கிருந்து மாலித் தலைநகர் பமாகோவுக்கும் போகிறது.

அந்தச் சாலையின் தொடக்கத்தில் லாரிகள். எண்ணினேன், நாற்பத்தேழு. அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய், சிமென்ட். எல்லாம் நுவாக்ஷாட் துறைமுகத்தில் இறங்கியது. மாலிக்குக் கடல் இல்லை. 2022 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்பு மாலிமீது தடை போட்டபோது, அந்தக் கூட்டமைப்பிலிருந்து 2000-லேயே விலகிவிட்ட மொரிட்டானியாதான் கதவைத் திறந்து வைத்தது.

இப்போது அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் வேறு காவலாளி. ஜே.என்.ஐ.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டணி, 2017 மார்ச்சில் இயாத் அக் காலி தலைமையில் நான்கு குழுக்கள் சேர்ந்து உருவானது, அல் காயிதாவின் கிளை. செப்டம்பரில் காய்ஸையும் நியோரோவையும் முற்றுகையிடுவதாக அறிவித்து, பெட்ரோல் லாரிகளைக் கொளுத்த ஆரம்பித்தார்கள். அக்டோபர் கடைசியில் பெட்ரோல் இல்லாமல் மாலி அரசு நாடு முழுக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடியது.

லாரி நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு மாலி டிரைவரிடம் பேசினேன். ஐம்பது வயது, இருபது வருடமாக இதே சாலை. ‘ஜிஹாதி’ என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “காட்டு ஆட்கள்” என்றார்.

“எல்லையில் பயமா?”

“இந்தப் பக்கம் பயமில்லை. அந்தப் பக்கம் முதல் அறுபது கிலோமீட்டரில் இரண்டு பேருக்கும் பயப்பட வேண்டும். காட்டு ஆட்கள் நிறுத்தினால் என்ன சரக்கு என்று பார்ப்பார்கள். ராணுவம் நிறுத்தினால் காட்டு ஆட்களுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்கும்.”

“மொரிட்டானியா அவர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்கிறார்களே?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒப்பந்தம் என்றால் தாளில் கையெழுத்துப் போடுவது. இங்கே அது தேவையில்லை, ஐயா. ஒருவனுடைய மாடு மழைக்காலம் முடிந்தால் மாலியில் மேய வேண்டும். அவன் மாமன் மகன் அந்தப் பக்கம். அந்த மாமன் மகனுடைய தம்பி காட்டில். யார் யாரைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.”

இதுவரை எனக்குக் கிடைத்ததில் நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். தலைநகரத்தில் அதைக் கொள்கை, நடுநிலை என்கிறார்கள். இங்கே அது மாடும் புல்லும் உறவும். மாடு எல்லை தாண்டாவிட்டால் சாகும் என்ற நிலையில் இருப்பவன் யாரோடும் தீராப் பகை கொள்ள முடியாது.

ஆனால் அந்த மாட்டுக்காரனையும் இது முழுசாகக் காப்பாற்றவில்லை. 2022 ஜனவரியில் மாலிக்குள் ஏழு மொரிட்டானியர்கள் கொல்லப்பட்டார்கள். மார்ச்சில் இன்னும் பலர் காணாமல் போனார்கள். நுவாக்ஷாட் அதற்கு மாலி ராணுவத்தைத்தான் நேரடியாகக் குற்றம் சாட்டியது, ஜிஹாதிகளை அல்ல. மாலி ராணுவத்துக்கோ இந்தப் பக்கத்து மேய்ப்பன் ஒவ்வொருவனும் காட்டு ஆளின் உளவாளி. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று சந்தேகிக்கும் இடைவெளியில்தான் அந்த மேய்ப்பன் செத்தான்.

இங்கே கேட்ட இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் மொரிட்டானியாவோடு 21 கோடி யூரோ ஒப்பந்தம் போட்டது. படகேறி ஸ்பெயின் தீவுகளுக்குப் போகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்பதற்காக. இந்த வருடம் தொடக்கத்திலிருந்து நுவாக்ஷாட் தெருக்களில் பிடிக்கப்படும் மாலிக்காரர்களைப் பேருந்தில் ஏற்றி, இதே சாலை வழியாகக் கொண்டுவந்து கோகியில் இறக்கிவிடுகிறார்கள். கையில் காசில்லாமல், போன் இல்லாமல் இறங்கியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததாகக் கடைக்காரப் பெண் ஒருவர் சொன்னார். இறக்கிவிட்ட இடத்திலிருந்து அவர்கள் நடக்க வேண்டிய ஊர் நியோரோ. முற்றுகையில் இருக்கும் ஊர். எந்தப் பக்கமும் சாயமாட்டோம் என்று சொல்லும் ஒரு நாடு, ஆளை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்திரிகையாளர் சொன்ன அந்த 12 பேரை நினைத்தும்கூட ஏற்க முடியவில்லை.

லாரி டிரைவருக்கு நாளைக் காலை முறை. அரிசி ஏற்றியிருக்கிறார். என் எண்ணை வாங்கிக்கொண்டார். தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பற்றிச் சொன்னேன். போகிற வழியில் காதில் ஏதாவது விழுந்தால் சொல்கிறேன் என்றார்.

ஆறாம் நாள். டிசம்பர் 1. நேமா

சாலை முடியும் ஊர். மாட்டுச் சந்தை, ஒட்டகச் சந்தை, எங்கு பார்த்தாலும் ராணுவ வண்டி. இதற்குத் தெற்கேயும் கிழக்கேயும் எல்லை.

பாசிக்குனு வரை போய், ம்பெரா அகதி முகாமைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். ஒட்டகப்பாலில் சர்க்கரை கலந்து கொடுத்தார். என் ஃபீஷை இரண்டு தடவை படித்தார். பிறகு முடியாது என்றார். “நீங்கள் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. நீங்கள் காணாமல் போனால் எங்கள் பதினான்கு வருடம் போய்விடும்.” 2011-இலிருந்து எண்ணுகிறார் என்று வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. ஏமாற்றம்தான், ஆனாலும் அவர் சொன்னது நியாயம். அந்தப் பதினான்கு வருடத்திலும் ஒரு கீறல் உண்டு. 2023 மார்ச்சில் நுவாக்ஷாட் சிறையிலிருந்து நான்கு ஜிஹாதிகள் இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டுத் தப்பினார்கள். சில நாளிலேயே வடக்கே பாலைவனத்தில் வளைத்து மூவரைச் சுட்டுக் கொன்றார்கள், ஒருவரைப் பிடித்தார்கள்.

முகாமுக்குப் போக முடியாவிட்டாலும் முகாமிலிருந்து ஒருவர் சந்தைக்கு வந்திருந்தார். திம்புக்துப் பக்கத்து மனிதர், 2012-இல் வந்தவர். ம்பெரா அந்த வருடம்தான் தொடங்கியது. இப்போது முகாமில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். வெளியே கிராமங்களில் இருப்பவர்களையும் சேர்த்தால் இந்த மாகாணத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். மொத்த நாட்டின் மக்கள்தொகையே ஐம்பது லட்சம் சொச்சம்.

அவர் முகாமின் தீயணைப்புக் குழுவில் இருக்கிறார். இங்கே வறண்ட காலத்தில் புல்வெளியில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் எரியும். அகதிகளே ஒரு குழு அமைத்து, பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அடித்தே தீயை அணைக்கிறார்கள். தண்ணீர் லாரி எல்லாம் கிடையாது. 2022-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது ஆப்பிரிக்கப் பிரிவில் இவர்களுக்குக் கிடைத்தது. கையைக் காட்டினார். உள்ளங்கையெல்லாம் பழைய தீப்புண்.

“எரிவது உங்கள் புல் இல்லையே?” என்றேன்.

“எங்கள் ஆடும் அதைத்தான் தின்கிறது. அவர்கள் மாடும் அதைத்தான் தின்கிறது. எரிந்துபோனால் முதல் சண்டை எங்களுக்குள்தான் வரும்.”

ஊர் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். “யார் ஆட்சியில் திரும்ப?” என்று அவர் என்னிடமே கேட்டார். ஜிஹாதிகள் அவருடைய தம்பியைச் சாட்டையால் அடித்திருக்கிறார்கள், புகை பிடித்ததற்காக. ராணுவமும் ரஷ்யக் கூலிப்படையும் அவர் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், தாடி வைத்ததற்காக. மாமா திரும்பவில்லை.

நுவாக்ஷாட் வாயைத் திறந்து ஜிஹாதிகளைக் கண்டிப்பதில்லை என்பது உங்களுக்குக் கோபமா என்று கடைசியாகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கண்டித்த நாடுகள் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்தது இந்த நாடு.”

ஏழாம் நாள். டிசம்பர் 2. திரும்பும் வழி, கிஃபா

நாள் முழுக்கச் சாலை. எழுத அதிகமில்லை. ஃபீஷ் தீர்ந்துவிட்டது, கிஃபாவில் ஒரு நகல் கடையைத் தேடி இன்னும் இருபது எடுத்தேன்.

டிரைவரும் நானும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தோம். அவருக்கு இந்த அமைதி எந்த நாளும் உடையலாம் என்று தோன்றுகிறது. காட்டு ஆட்கள் வடக்கு மாலியில் இருந்தவரை தூரத்துப் பகை. இப்போது காய்ஸ் வரை வந்துவிட்டார்கள், பமாகோவை நெருக்குகிறார்கள். நாளைக்கு மாலியில் அவர்களே அரசு என்றால் இவர்கள் என்ன செய்வார்கள்? கஸுவானி தூது அனுப்புவார், துறைமுகத்தைத் திறந்தே வைத்திருப்பார் என்றார் அவர். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. ஐந்து நாடுகள் சேர்ந்து ஜிஹாதிகளை எதிர்க்க 2014-இல் நுவாக்ஷாட்டில்தான் ஜி5 சாஹேல் அமைப்பைத் தொடங்கினார்கள். மாலி 2022-இல் போனது, புர்கினா ஃபாசோவும் நைஜரும் 2023-இல் போயின. கடைசியில் தலைமையகக் கட்டடம்தான் இங்கே மிஞ்சியது. கூட்டணி எதையும் நம்பாமல் இருக்க இவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. காட்டு ஆட்களிடம் பேச்சுக் கொடுக்கத் தெரிந்த ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பெரியவர்கள், அறிஞர்கள், மாட்டு வியாபாரிகள். 2012-இல் தங்கள் காவலரை மீட்க அந்த வழி திறந்தது. அதே வழியை அந்தப் பக்கம் பிடிபட்டிருக்கும் ஏழைக் கூலிக்காரர்களுக்காகவும் திறக்கச் சொல்லி நம் அரசு இந்த வாசலிலும் தட்ட வேண்டும். ஏற்கெனவே தட்டியிருந்தால் நல்லது. சம்பளத்துக்காகக் கம்பி இழுக்கப் போன பிள்ளைகள் அவர்கள்.

எட்டாம் நாள். டிசம்பர் 3. நுவாக்ஷாட்

மாலை நான்கு மணிக்கு நகரம். கடல் காற்று பட்டதும் உடம்பு லேசானது. பத்திரிகையாளரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்று கிளாஸ் தேநீர். அயூனில் கேட்டதைச் சொன்னபோது, கோகியில் இறக்கிவிடப்படுபவர்களைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

ராத்திரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது லாரி டிரைவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பின்னால் இன்ஜின் சத்தம். நியோரோ வந்து சேர்ந்துவிட்டாராம். வழியில் எரிந்த டேங்கர் லாரி இரண்டு. இவரையும் நிறுத்தினார்கள், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள், அரிசி என்றதும் விட்டுவிட்டார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள், ஒருவன் தண்ணீர் கேட்டானாம், கொடுத்தாராம். நாளை விடிந்ததும் பமாகோ பக்கம் கிளம்புகிறார்.

ஐந்து பேரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. செய்தியை மூன்று தடவை கேட்டேன்.